குளிர்நாட்டில் ஓடுவோர் கைகளைக் காக்குமாறு

கிழக்கே வங்கக்கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் எல்லையாக அமைந்த களுவாஞ்சிக்குடியிலே பிறந்து வளர்ந்தோர்க்குக் குளிர் என்பது மார்கழி மாதத்து வாடைக்காற்றின் மறுபெயரேயாகும். விடியற்பொழுதில் தலையைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொண்டால் அக்குளிர் அகன்றுவிடும். வெப்பமானி 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாள் இங்கு மிக அரிது. இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே மரதன் ஓடும் மாணவன் அஞ்சுவது தார்வீதியின் வெப்பத்துக்கேயன்றிக் குளிருக்கன்று.

இம்மண்ணிலே ஓடப் பழகிய கால்கள் இன்று வேறு பல மண்களிலும் ஓடுகின்றன. 1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவருட் பலர் கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளிலே குடியேறினர். அவர்களுள் ஓட்டத்தைக் கைவிடாதோர் பலர். நடுவயதில் வைத்தியரின் சொற்கேட்டுப் புதிதாகத் தொடங்கியோரும் பலர். கார்த்திகை பிறந்தால் இவ்விரு சாராரும் கூறுவது ஒன்றே: கால் களைப்பதற்கு முன்னரே கை விறைத்துவிடுகின்றது. விரல்கள் வெளிறி, உணர்விழந்து, வீடு திரும்பியபின் கதவின் திறப்பைத் திருப்பவும் இயலாதனவாகின்றன. இதற்குக் காரணம் யாது, பரிகாரம் யாது என்பவற்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இது சிறு தொல்லை என்று கருதற்பாலதன்று. நீரிழிவும் இருதய நோயும் தென்னாசிய மக்களிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதை அறிஞர் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். கை விறைக்கின்றதென்று ஆண்டில் ஐந்து மாதம் ஓட்டத்தை நிறுத்துவோர் அந்நோய்களுக்கு எதிரான நல்லதொரு காவலை இழக்கின்றனர். மறுபுறம், விறைப்பைப் பொருட்படுத்தாது ஓடுவோர் விரல்களையே இழக்கும் அபாயமும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி ஒன்று உளது.

முதற்கண் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். இருதயம், மூளை, ஈரல் ஆகியவை செவ்வனே தொழிற்பட இவ்வெப்பம் பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும். இதனைக் காக்கும் பொறுப்பு மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதிக்குரியது. அது செய்யும் தொழிலை நம் படுவான்கரை வயல்களில் நீர் பங்கிடும் முறையோடு ஒப்பிட்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். குளத்தில் நீர் நிறைந்துள்ளபோது வாய்க்காலின் கடைக்கோடி வயலுக்கும் நீர் பாயும். நீர் குறைந்துவிட்டதென்றால் வட்டைவிதானை முதலில் அடைப்பது கடைக்கோடிக்குச் செல்லும் வாய்க்காலையே. கைவிரல்கள் நம் உடலின் கடைக்கோடி வயல்கள். உடலின் வெப்பம் குறையத் தொடங்கியதும் பரிவு நரம்புகளின் வழியே கட்டளை செல்கின்றது. விரல்களின் சிறு நாடிகள் சுருங்குகின்றன. நாடியையும் நாளத்தையும் நேரே இணைக்கும் குறுக்குவழிக் கலன்கள் விரல்களிலும் உள்ளங்கையிலும் மிகுதியாக உள்ளன. வெப்பமான வேளையில் பெருங்குருதியைத் தோலுக்குக் கொணரும் அக்கலன்களும் அப்போது மூடிக்கொள்கின்றன. இருதயத்தைக் காக்கும்பொருட்டு விரல்கள் பட்டினி போடப்படுகின்றன என்க.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. கை குளிர்வது கையில் மட்டும் நிகழும் நிகழ்ச்சியன்று; அது உடல் முழுவதன் வெப்பக் கணக்கில் ஏற்பட்ட குறைவின் விளைவு. குளத்தை நிரப்பாது கடைக்கோடி வாய்க்காலை வெட்டுவதாற் பயனில்லை. அங்ஙனமே, உடலைக் குளிரவிட்டுக் கைக்கு மட்டும் தடித்த உறை அணிவதாலும் பயன் சிறிதே. கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை; குருதி கொண்டுவரும் வெப்பத்தை வெளியேறாது தடுக்கும் அளவே அதன் தொழில். குருதியே வாராதவிடத்து அது எதனைத் தடுக்கும்? 1990களின் பிற்பகுதியிலே தொறன்ரோவில் நடந்த ஆய்வுகளில், வெப்பமூட்டிய மேலங்கியால் மார்பையும் முதுகையும் சூடாக்கியபோது, கடுங்குளிரிலும் உறையணியாத விரல்கள் இதமாக இருந்தமை காணப்பட்டது. கையைக் காக்க விரும்புவோர் முதலில் மார்பைக் காக்கவேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

சிலருக்கு இக்கட்டளை அளவுக்கு மிஞ்சிச் செயற்படுகின்றது. சிறு குளிர் பட்டாலும், சிலவேளை மனக்கலக்கம் ஒன்றே நேர்ந்தாலும், விரல்கள் திடீரென மெழுகுபோல் வெளிறும். பின்னர் நீலம் பாரிக்கும். குருதி மீண்டும் பாயும்போது சிவந்து, குத்தலும் எரிவும் தோன்றும். இதனை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவர் மொறிஸ் றேனோ என்னும் பிரெஞ்சு வைத்தியர். 1862ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஆய்வேட்டின் காரணமாக இந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இதனை உடையர் என்பர். பெண்களிடத்தும், முப்பது வயதுக்கு முன்னரும் தொடங்குவதே பெரும்பான்மை. தனித்துத் தோன்றும்போது இது பெருந்தீங்கு விளைப்பதன்று. வேறொரு நோயின் அறிகுறியாகத் தோன்றும்போதே அஞ்சற்பாலது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

இனி, ஓடுவோர்க்கு மட்டும் உரிய இடர்கள் மூன்று உள. முதலாவது, ஓட்டத்தின் தொடக்கம். முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தொழிற்படும் கால் தசைகள் குருதியைப் பெரிதும் வாங்கிக்கொள்கின்றன. உடலில் வெப்பம் இன்னும் சேர்ந்திலது. எனவே தோலுக்கும் விரலுக்கும் கிடைப்பது மிகக் குறைவு. கை அதிகம் விறைப்பது இவ்வேளையிலேயே.

இரண்டாவது, காற்று. உடலை ஒட்டி நிற்கும் மெல்லிய வெப்பக்காற்றுப் படையை வீசுங்காற்று அள்ளிச் செல்கின்றது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்காற்றில் ஒருவர் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், அவர் முகத்திலும் கையிலும் படுவது 30 கிலோமீற்றர் வேகக் காற்று. வெப்பநிலை -10 பாகை ஆயின், கனடாவிலும் அமெரிக்காவிலும் 2001 முதல் வழங்கும் காற்றுக்குளிர்ச் சுட்டெண்ணின்படி அது ஏறத்தாழ -20 ஆக உணரப்படும். அச்சுட்டெண் -28க்குக் கீழே இறங்குமாயின் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் எனக் கனடிய வானிலைத்துறை எச்சரிக்கின்றது. அத்தகைய நாளில் வீட்டினுள்ளே ஓட்டப்பொறியில் ஓடுவதே அறிவுடைமை.

மூன்றாவது, ஈரம். நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வையில் நனைந்த கையுறையும், மழையில் நனைந்த கையுறையும் கையைக் காப்பதை விடுத்துக் குளிர்விக்கத் தொடங்குகின்றன. உறைபனி இல்லாவிடில் அபாயமில்லை என்று எண்ணுதல் தவறு. 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் பொஸ்ரன் நகரில் நடந்த மரதன் போட்டியன்று வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகை மேலேயே இருந்தது. எனினும் கொட்டும் மழையும் கடும் எதிர்காற்றும் சேர்ந்ததனால், உலகின் முதல்தர வீரர் பலர் இடைவழியில் விலகினர். ஆடவரில் யப்பானியரான யுக்கி கவாவுச்சியும் மகளிரில் அமெரிக்கரான டெசிறி லிண்டனும் அன்று வெற்றி பெற்றனர்.

இவ்விடர்களைத் தவிர்க்கும் முறைகளை ஒழுங்காக நோக்குவோம். வெளியே செல்வதற்கு முன்னரே உடலைச் சூடாக்கிக்கொள்ளல் வேண்டும். வீட்டினுள் நின்றவாறே பத்து நிமிடம் படியேறியும் இறங்கியும், கைகளை வீசியும் பயிற்சி செய்து, வியர்வை அரும்புவதற்குச் சற்று முன்னர்ப் புறப்படுதல் நன்று. வெறுவயிற்றோடு செல்லாது சூடான கஞ்சியோ வேறு சிற்றுணவோ உட்கொண்டு செல்லலாம். கையுறையை வாசலிலன்றி, கை இன்னும் சூடாயிருக்கும்போதே அறையினுள் அணிதல் வேண்டும். குளிர்ந்த கையைச் சூடாக்குவதிலும் சூடான கையைக் காத்தல் எளிது.

உடைகளைப் பல படையாக அணிக. தோலோடு ஒட்டியது பருத்தியாயிருத்தல் ஆகாது. நம் நாட்டுக்கு உகந்த பருத்தி, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிர்நாட்டிற் பகையாகிவிடும். கம்பளியோ, ஈரத்தைக் கடத்தும் செயற்கை நூலோ நன்று. அதன்மேற் காற்றுப் புகாத மேற்சட்டை வேண்டும். தலை, கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றை மூடுக. வைத்தியர் நாடி பார்க்கும் இடத்தில் நாடி தோலுக்கு மிக அண்மையிற் செல்கின்றது. அங்கே சட்டைக்கும் கையுறைக்கும் நடுவே இடைவெளி இருப்பின், விரலுக்குச் செல்லும் குருதி வழியிலேயே குளிர்ந்துவிடும்.

கையுறைகளுள் ஐவிரலும் தனித்தனியே பிரிந்தவற்றைவிட, பெருவிரல் நீங்கலாக ஏனைய நான்கும் ஒரே பையில் அடங்கும் மிற்றன் என்னும் வகையே சிறந்தது. தனித்து நிற்கும் விரல் மெல்லிய உருளை வடிவினது. உள்ளடங்கிய பருமனைவிட வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பே அதற்கு அதிகம். நான்கும் கூடியிருந்தால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்கு உதவும். உள்ளே மெல்லிய கம்பளி உறை ஒன்றும், வெளியே காற்றும் நீரும் புகாத மிற்றன் ஒன்றுமாக இரண்டு அணிவது உத்தமம். இறுக்கமானவை குருதியோட்டத்தைத் தடுப்பதால் அவற்றை விலக்குக. மோதிரத்தையும் கழற்றி வைத்துச் செல்க. உலர்ந்த வேறொரு சோடியைச் சட்டைப்பையில் வைத்திருத்தல் நன்று.

இப்போது கடைகளில் விற்கப்படும் சிறு வெப்பப் பைகளும் உதவுவன. அவற்றினுள் இருப்பது பெரும்பாலும் இரும்புத்தூளும் உப்பும் கரியுமாகும். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு இரும்பு விரைந்து துருப்பிடிக்கையில் வெப்பம் வெளிப்படுகின்றது. அதனை நேரே தோலின்மீது வைக்காது உள்ளுறைக்கு வெளியே, புறங்கையிலோ மணிக்கட்டின் உட்புறத்திலோ வைத்தல் வேண்டும்.

வழியைத் தேர்தலிலும் கருத்து வேண்டும். செல்லும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்று முதுகில் படுமாறும் ஓடுக. வியர்த்த உடலோடு எதிர்காற்றில் திரும்புவதே பெருங்கேடு. வீட்டைச் சுற்றிய சிறு வட்டங்களாக ஓடினால் வேண்டும்போது உடனே உட்புகலாம். விரல் வெளிறத் தொடங்கினால், தோளிலிருந்து கையைக் காற்றாலைபோற் பலமுறை சுழற்றுக; குருதி விரல்நுனிக்குத் தள்ளப்படும். விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுவதும் நல்ல முறை.

செய்யத்தகாதனவும் உள. விறைத்த கையை நெருப்பருகே நீட்டுதலும் கொதிநீரில் அமிழ்த்துதலும் ஆகா. உணர்விழந்த தோல் வெந்து போவதை உரியவரே அறியார். இளஞ்சூட்டு நீரே தக்கது. நீரிழிவினால் உணர்வு குன்றியோர் பிறரைக்கொண்டு நீரின் சூட்டைச் சோதிப்பித்தல் வேண்டும். தோல் கடினமாகி மரத்துப்போயின் அது உறைந்திருத்தல் கூடும். அதனைத் தேய்த்தல் ஆகாது, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. புகைபிடித்தல் விரல் நாடிகளை நேரே சுருக்கும். சாராயம் உடலைச் சூடாக்கும் என்பது மயக்கம். தோலின் கலன்களை விரித்து உள்வெப்பத்தை அது வெளியேற்றிவிடுகின்றது.

இனி, முன்னர்க் குறித்த எச்சரிக்கைக்கு வருவோம். நாற்பது வயதின் பின் புதிதாக விரல் வெளிறத் தொடங்கினாலும், ஒரு கையில் மட்டும் தோன்றினாலும், விரல்நுனியிற் புண் உண்டானாலும், தோல் இறுகினாலும், மூட்டுவலி சேர்ந்தாலும் வைத்தியரைக் காணாதிருத்தல் ஆகாது. தோலிறுக்க நோய், லூப்பசு முதலியன இவ்வாறு தொடங்குதல் உண்டு. அதிரும் பொறிகளோடு வேலை செய்வோர்க்கும் இது நேரும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் காற்றழுத்த உளியால் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளரின் வெண்விரல்களை அலிஸ் ஹமில்ற்றன் என்னும் பெண் வைத்தியர் 1918ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். குருதியழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் தரப்படும் பீற்றா தடுப்பு மருந்துகளும், தடிமனுக்கு உண்ணும் மூக்கடைப்பு நீக்கும் மாத்திரைகள் சிலவும் விரலைக் குளிர்விப்பன. அவற்றைத் தாமே நிறுத்தாது, வைத்தியரிடம் கூறி வேறு மருந்து கேட்கலாம். நாடியை விரிக்கும் மருந்துகளும் இன்று உள.

ஊரில் வாழ்வோர்க்கு இவற்றால் யாது பயன் என மாணவர் வினவலாம். குளிரூட்டிய அறைகளும் பனிக்கட்டியும் இன்று எங்கும் வந்துவிட்டன. பனிக்கட்டியைத் தொட்டவுடன் விரல் வெளிறும் பிள்ளையை ‘நடிக்கிறாள்’ என்று கடியாது, அவள் விரலின் நிறத்தை உற்று நோக்குதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடன். அன்றியும், நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் தை மாசி மாதங்களில் அங்கே புல்நுனியில் உறைபனி கண்டு வியப்பர். மேற்படிப்புக்காகக் கடல் கடப்போர் அதனினும் கொடிய குளிரைக் காண்பர். அவர்கள் பெட்டியில் எடுத்துச் செல்லும் சட்டைகளோடு இவ்வறிவும் செல்வதாக.

வெளிநாடு வாழ் பழைய மாணவர்க்கு நாம் கூறுவது இது: ஓட்டத்தை நிறுத்தற்க, விரலின் முறையீட்டைப் புறக்கணிக்கவும் வேண்டா. உடலாகிய குளம் நிறைந்திருப்பின் கடைக்கோடி வயலும் காயாது.