புளிக்காத மாவும் கடலைமாவு அடையும்

"மாவு புளிக்கவில்லை!" புனே நகரின் போபோடியில் அறையெடுத்துத் தங்கும் தமிழ் மாணவரிடம் மார்கழி, தை மாதங்களில் அடிக்கடி கேட்கும் சொல் இது. தோசை மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் நன்கு பெருகுவன. இங்கோ குளிர்கால இரவில் வெப்பம் 10 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடுகிறது. மாவு எங்ஙனம் பொங்கும்?

சென்ற குளிர்காலத்தில் இக்குறை எங்கள் அறையில் வேடிக்கையாக முடியவில்லை. என்னுடன் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் தென்காசிப் பக்கத்தவர். இரவில் உண்ண அழைத்தால், "பசி இல்லை அண்ணே" என்பார். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தார். பிறகுதான் உண்மை வெளிவந்தது. இரவுச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்துத் தங்கையின் படிப்புக்கு அனுப்பி வந்திருக்கிறார். ஒரே அறையில் படுத்துறங்கிய நான் அதை அறியாதிருந்தேன்!

அன்று மாலை வீட்டுக்கார அம்மையார் (நாங்கள் 'காக்கூ' என்று அழைப்போம்) அரைமணிக்குள் ஒரு பண்டம் சுட்டுத் தந்தார். மராத்தியில் அதற்குத் 'திரடே' என்று பெயர். கடலைமாவைக் கரைத்து ஊற்றி, மேலே காய்கறி தூவிய அடை அது. குஜராத்தில் இதன் உறவைப் 'புட்லா' என்பர். வடநாட்டில் 'சீலா' என்பர். பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் 'சோக்கா' என்றும், இத்தாலியின் ஜெனோவாவில் 'ஃபரினாத்தா' என்றும் ஒலிவ எண்ணெய் சேர்த்து அடுப்பினுள் வைத்துச் சுடுவர். ஊறப்போட்டு ஆட்டவும் வேண்டாம். புளிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சத்திலும் இது குறைந்ததன்று. கடலைமாவு என்பது தோல் நீக்கி உடைத்த கொண்டைக்கடலையின் மாவே. நூறு கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு; அரிசியில் 7 அல்லது 8 கிராமே. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த அளவு. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. அரிசியில் நிலைமை நேர்மாறு. ஆகவே ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடு செய்யும், அடையும் முறுகும்.

இனிச் செய்முறை. ஒருவருக்கு நூறு கிராம் மாவு போதும். உப்பு, மஞ்சள்தூள், சிறிது ஓமம், நறுக்கிய பச்சை மிளகாய் சேர்க்க. தண்ணீர் ஏறத்தாழ 150 மில்லி. அதை ஒரேயடியாக ஊற்றாதீர்! ஊற்றினால் மாவுருண்டையின் மேற்புறம் நனைந்து பசையாகி, உள்ளே நீர் புகாமல் தடுக்கும், கட்டி தட்டும். முதலில் சிறிது விட்டுக் குழைத்து, பிறகு கரைக்க வேண்டும். பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் மாவு நீரை முற்றும் உறிஞ்சிக்கொள்ளும்.

நான் முதலில் சுட்ட மூன்றும் பிய்ந்து போயின. காரணம் யாது? கோதுமையைப் போல் இழுத்துப் பிடிக்கும் பசைப்புரதம் கடலைமாவில் இல்லை. சூட்டில் புரதம் உறைந்து, மாச்சத்து நீரேற்றுப் பசையான பின்னரே அடை உறுதிபெறும். ஆகவே மேற்புறத்தின் ஈரப் பளபளப்பு மறையும் வரை திருப்பக் கூடாது.

காய்கறியிலும் ஒரு நுட்பம் உண்டு. உப்புப் பட்டால் காய் நீர் விடும். அந்நீர் அடையை இளக்கிவிடும். எனவே சுரைக்காய், வெள்ளரி போன்றவற்றைத் துருவிப் பிழிந்து, பிழிந்த நீரிலேயே மாவைக் கரைக்கலாம். ஊற்றிய மாவு ஈரமாக இருக்கும்போதே காயைத் தூவி மெல்ல அழுத்தினால் நன்கு பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்டு மூடி, மிதமான தீயில் இருபுறமும் வேகவிடுக. பச்சைப் பருப்பில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவற்றுள் பெரும்பகுதியை வெப்பம் அழிக்கும். பச்சை வாசனை போகாமல் இறக்குவது வயிற்றுக்கு ஆகாது.

பருவத்தில் மலிவானதே சிறந்தது. குளிர்காலத்தில் வெந்தயக்கீரை, பச்சைப் பட்டாணி, கேரட், வெங்காயத்தாள், கோடையில் வெள்ளரி, வெங்காயம், மழைக்காலத்தில் சுரைக்காய்.

இப்போது எங்கள் அறையில் கல் அடுப்பில் ஏறாத இரவு இல்லை. மாவு கரைப்பவர் அந்தத் தம்பியே. பணமும் ஊருக்குத் தவறாமல் செல்கிறது. தோழர்களே, "பசி இல்லை" என்று சொல்லும் அறைத்தோழரை மறுமுறையும் கேளுங்கள். கேட்பதற்கு முன் இரண்டு அடை சுட்டு வைத்துவிடுங்கள்!