ஜெபிக்க முடியாத நாட்களில்

மனச்சோர்வு நோய் வந்த கிறிஸ்தவர் பலர் நோயோடு இன்னொரு பாரத்தையும் சுமக்கிறார்கள். "நான் சரியாக விசுவாசித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்ற கேள்விதான் அது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்தவர்கள் தங்களை இப்படிக் குடைந்துகொள்வது குறைவு. ஆலய வாசலில் நலம் விசாரிப்பவர்களும், "நல்லா ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாகிடும்" என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வாக்கியம்கூட வராமல் போவதே அவருடைய நோயின் ஒரு பகுதி என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மனச்சோர்வு வெறும் துக்கத்தோடு நிற்பதில்லை. தூக்கம், பசி, கவனம் எல்லாவற்றையும் அது குலைக்கிறது. முன்பு பிடித்த எதிலும் இப்போது பிடிப்பு இருக்காது. வேதம் வாசிக்கக் கவனம் வேண்டும். பாடலில் மனம் உருக, உருகும் சக்தி மனதில் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டும் வற்றிப்போனவருக்குப் பழைய பாட்டும் பழைய வசனமும் சும்மா சத்தமாகக் கேட்கின்றன. உடனே அவர், "ஆண்டவர் என்னை விட்டு விலகிவிட்டார்" என்று முடிவுகட்டிக்கொள்கிறார். விலகியது அவருடைய உணரும் திறன். அது நோயால் விலகியது. நாக்கு மரத்துப்போனால் சோறு ருசிக்காது, அதற்காகச் சோறு கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

வேதத்திலேயே எலியாவின் கதை இருக்கிறது. கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட தீர்க்கதரிசி, யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). அவருக்கு என்ன நோய் என்று இன்று நாம் தீர்மானிக்க முடியாது. அவருடைய வேண்டுதலுக்குக் கிடைத்த பதிலைத்தான் பார்க்க வேண்டும். முதலில் தூக்கம். பிறகு தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "உன் விசுவாசம் எங்கே?" என்று அங்கே யாரும் அதட்டவில்லை. ஆண்டவர் அவரிடம் கேள்வி கேட்பதே, உடம்பு தேறி அவர் ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

நம்பிக்கையும் மனநோயும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நேர்மையான சாட்சி, ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்க்கை. இம்மானுவேலின் ரத்த ஊற்றைப் பற்றி அவர் எழுதிய பாடலைத் தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1731-ல் பிறந்த அவர், சிறு வயதிலேயே தாயை இழந்தார். 1763-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் ஒரு வேலைக்காகத் தேர்வுக்கு நிற்க வேண்டிய பயத்தில் மனம் உடைந்து, உயிரை விடவும் முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல விடுதியில் அவரைச் சேர்த்தார்கள். காட்டன் பக்தியுள்ளவர், பொறுமைசாலி. அங்கேதான், 1764-ல், ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும்போது, கிறிஸ்துவின் மன்னிப்பு தனக்கும்தான் என்று கூப்பருக்கு உறைத்தது. ஆக, அவருடைய மனந்திரும்புதல் நடந்த இடம் ஒரு மருத்துவரின் விடுதி.

சபைகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதன் பிறகு நடந்தது. கூப்பர் ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அடிமைக் கப்பல் தலைவராயிருந்து பின்னால் போதகரான ஜான் நியூட்டன் அங்கே அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து எழுதிய 'ஓல்னி பாடல்கள்' 1779-ல் வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1773-ன் தொடக்கத்தில், நோய் திரும்பியிருந்தது. ஆண்டவர் தன்னை நிரந்தரமாகக் கைவிட்டுவிட்டார் என்று கூப்பர் உறுதியாக நம்பினார். அதன் பிறகு ஆலயத்துக்குள் அவர் போகவே இல்லை. மற்றவர்களுக்கு இரட்சிப்பு உண்டு, எனக்கு மட்டும் இல்லை என்ற அந்த எண்ணம் 1800-ல் சாகும்வரை அவரை முழுமையாக விடவில்லை.

அப்படியானால் நம்பிக்கை தோற்றுவிட்டதா? அந்த நாட்களில் அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். நோயின் உச்சத்தில் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். மேரி அன்வின் என்ற விதவைத் தாய் பல்லாண்டுகள் அவரைக் கவனித்தார். கூப்பருக்கு முயல்கள் கிடைத்தன, தோட்டம் கிடைத்தது, தச்சு வேலை கிடைத்தது. 1785-ல் 'தி டாஸ்க்' என்ற பெரிய கவிதை நூல் வந்தது. அவரால் விசுவாசிக்க முடியாமல்போன காலத்தில், அவருக்காக மற்றவர்கள் விசுவாசித்தார்கள். கப்பர்நகூமில் முடக்குவாதக்காரனை நான்குபேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். சபை என்ற ஒன்று இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கூப்பரிடமிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. நோய், பக்தி மொழியிலேயே பேசும். கடுமையான மனச்சோர்வில் "நான் மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன்" என்ற எண்ணம் அசைக்க முடியாததாக உட்கார்ந்துவிடும். எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓ.சி.டி.யில், தேவதூஷணமான வார்த்தைகள் வேண்டாம் வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப மனதில் வந்து அறையும். கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகத்'துக்கு மூலநூல் தந்த ஜான் பன்யன், கிறிஸ்துவை விற்றுவிடச் சொல்லி ஒரு எண்ணம் தன்னை விடாமல் நச்சரித்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மனநிலை மிதமிஞ்சி ஏறுவதும் இறங்குவதுமான இருமுனை நோயின் எழுச்சிக் கட்டத்தில் ஒருவர், தானே விசேஷமாக அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி என்று நம்பலாம். இவற்றைப் பிசாசின் பிடி என்றோ, பாவத்தின் பலன் என்றோ குடும்பம் எடுத்துக்கொண்டால் மாதங்கள் வீணாகும். மனதுக்குள் கேட்கும் குற்றச்சாட்டு எல்லாமே ஆண்டவரின் குரலோ மனச்சாட்சியோ ஆகாது என்று நோயாளிக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதைப் போதகரும் மருத்துவரும் ஒரே குரலில் சொன்னால் நல்லது.

சிகிச்சை எடுப்பது அவிசுவாசமா என்று கேட்பவர்களுக்கு எசேக்கியா ராஜாவை நினைவூட்டலாம். அவர் அழுது ஜெபித்தார், ஆண்டவர் கேட்டார், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னார். நம் காலத்துக்கு அருகில், ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் இருக்கிறார். 1907-ல் இந்தியா வந்த இந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி, சில ஆண்டுகளிலேயே மனமும் உடம்பும் நொறுங்கி வேலை செய்ய முடியாமல் போனார். லக்னோவில் ஓர் ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது தனக்குப் புதுப் பெலன் வந்ததாக அவரே எழுதினார். அப்படிப்பட்டவர் மற்றவர்களுக்கு "ஜெபம் போதும்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. 1950-ல் அதே லக்னோவில் 'நூர் மன்சில்' என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். நம் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு உறவினர் ஒருவர் கூடவே தங்கியிருப்பது அங்கே சிகிச்சையின் பகுதி.

நம் சபைப் பழக்கங்களில் சிலவற்றை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். முழு இரவு ஜெபம் பலருக்கு ஆசீர்வாதமாக இருக்கலாம். இருமுனை நோய் உள்ளவருக்கு ஓரிரவுத் தூக்கம் கெடுவதே எழுச்சிக் கட்டத்தைக் கிளப்பிவிடக்கூடும். அந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருந்தால், மருந்தின் அளவு ரத்தத்தில் ஆபத்தாக ஏறலாம். அவர்கள் பகலில் ஜெபிக்கட்டும், உணவை விடாமல் வேறொன்றை விட்டு ஒறுக்கட்டும். அதேபோல், கூட்டத்தில் விடுதலை பெற்றேன் என்று சாட்சி சொல்லி மாத்திரையை அன்றைக்கே நிறுத்துவது மிகவும் ஆபத்து. மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே சில வாரங்கள் பிடிக்கும். நலமான பிறகும் சில மாதங்களாவது தொடர வேண்டும். நிறுத்துவதும் மருத்துவர் சொற்படி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மருந்தினால் வந்த தெளிவுக்கும் ஆண்டவரைத் துதிக்கலாம். அதுவும் சாட்சிதான்.

ஜெபிக்க வராதபோது என்ன செய்வது? 88-ஆம் சங்கீதத்தைத் திறக்கலாம். புலம்பல் சங்கீதங்களில் அநேகம் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அப்படியே அதை வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். இருட்டில் நிற்பவரும் ஆண்டவரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அது போதும். ஒரு வரியை வாசிக்க முடிந்தால் ஒரு வரி. அதுவும் முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் வாசிக்க, படுத்தபடி கேட்கலாம். கிறிஸ்தவ நம்பிக்கை சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறிய ஒருவரின் மேல் கட்டப்பட்டது. ஆகவே இன்றைக்குச் சந்தோஷம் இல்லை என்பதால் அந்த நம்பிக்கை இல்லாமல் போய்விடுவதில்லை.

மனச்சோர்வில் இருப்பவரிடம், சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. பலருக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த நிம்மதிதான் வரும். இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது, மனநோயாளி யாரையும் எங்கும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ன் மனநலச் சட்டம் சொல்கிறது. மனநோயாளிகளைத் தங்கவைக்கும் ஜெப வீடுகளுக்கும் அது பொருந்தும்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். இடுப்பு எலும்பு முறிந்து கிடப்பவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு வருகிறோம், மருந்துக்குக் கைமாற்று கொடுக்கிறோம். மனநோய் வந்த வீட்டுக்கும் இவை எல்லாம் தேவை. வெளிநோயாளி வரிசையில் மணிக்கணக்காகக் கூட உட்கார ஒரு துணையும் தேவை. ஆலயத்துக்கு வர முடியாத வியாதியஸ்தருக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. கூட்டத்தைப் பார்த்தாலே நடுங்கி அறைக்குள் இருப்பவரும் வியாதியஸ்தர்தான். அவருக்காகவும் குடும்பத்தார் போதகரைக் கூச்சப்படாமல் அழைக்கலாம்.