கட்டுமரமும் பந்தயப் பாயும்

'கட்டமரான்' என உலகெங்கும் வழங்கும் சொல் நம் 'கட்டுமரம்' என்பதே என்று மாணவர்களிடம் கூறுந்தோறும் அவர்தம் முகத்தில் ஒரு பெருமிதம் மலர்வதைக் காண்கிறோம். பெருமிதம் தகும், ஆயினும், சொல் நம்முடையதேயன்றிப் பொருள் நம்முடையதன்று. மரங்களை நெருங்கச் சேர்த்துக் கயிற்றாற் பிணித்த மிதவை நமது கட்டுமரம். ஒடுங்கிய இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தது பந்தயக் கட்டமரான். பசிபிக் தீவினரின் இரட்டை ஓடங்களே அதற்கு முன்மாதிரி. 1876இல் நதானியேல் ஹெரஷாவ் என்னும் அமெரிக்கர் அவ்வகையில் அமைத்த 'அமரிலிஸ்' நியூயோர்க்கில் ஏனைய படகுகளை முந்தியது. பின்னர் அவ்வகைப் படகுகள் போட்டிகளினின்றும் விலக்கப்பட்டன! நூறாண்டு கழித்து, 1976இல், 'டொர்னாடோ' என்னும் கட்டமரான் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது.

இப்படகின் வேகம் பெரிதும் பாயையும் பாய்மரத்தையும் சீர்செய்யும் முறையிலே தங்கியுள்ளது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைத் தளர்த்தியும் இறுக்கியும் அதனைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்தால், காற்றின் அழுத்தம் பின்னே நகர்ந்து, படகின் முகம் காற்றை நோக்கித் திரும்ப முனையும். முன்னோக்கிச் சாய்த்தால் காற்றை விட்டு விலக முனையும். சுக்கான் பிடிப்பவன் கையிலே மெல்லிய இழுவை தெரிதல் வேண்டும். அது கனத்துவிட்டால் சுக்கானே ஓட்டத்திற்குத் தடையாகிவிடும். மிதமான காற்றில் பாயின் வயிறு பருத்திருக்கலாம். காற்று வலுத்தாலோ, பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்து அதனைத் தட்டையாக்குவர். அப்போது மேற்பகுதி நெகிழ்ந்து மிகைக் காற்றை வெளியே விடும். பாயில் ஒட்டிய கம்பளி நூல்கள் இருபுறமும் பின்னோக்கி நேரே பறந்தால் எல்லாம் ஒழுங்கு என்பது பொருள். எளிய கருவி, ஆனால் பொய் சொல்லாத கருவி.

வடமராட்சிக் கடலோடிகளுக்கு இவ்வித்தை அந்நியமன்று. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பருத்திப் பாயிலே கடல்நீர் தெளித்தால் நெசவின் கண்கள் அடைபட்டுக் காற்று நன்கு பிடிபடும் என்பதும் பழைய பாய்க்கப்பலோட்டிகள் கண்ட உண்மை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கிப் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் அதனை 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தனர்.

இன்று இழைக்கண்ணாடிப் படகும் இயந்திரமும் கரையெங்கும் நிறைந்துள்ளன. மீனவரின் உழைப்பு குறைந்ததை யாம் குறை கூறோம். ஆனால் பாயோடு சொற்களும் கரையேறிவிட்டன. 'தாமான் யாது?' என அண்மையில் வகுப்பிலே வினவினோம். வல்வெட்டித்துறை மாணவன் ஒருவனே எழுந்தான். அவனும் பாட்டனார் வாயிற் கேட்டதாகவே சொன்னான். அப்பெரியவர் சொல்லும் கயிற்றுப் பெயர்களைக் கொப்பியில் எழுதிவரும்படி அவனைப் பணித்தோம். முதல் வாரத்திற் பதினொரு பெயர்கள் வந்துள்ளன.