குடல்வாழ் உயிர்களும் இருதயமும்

இறக்குவானையின் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கப் புறப்படும் பெண், விடியுமுன் சுட்ட கோதுமை மா ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு உண்டு, சீனி மிகுந்த சாயத்தண்ணியையும் குடித்து மலையேறுகையில், அவ்வாகாரம் தமக்கு மட்டுமன்றித் தம் பெருங்குடலில் வாசம் செய்யும் கோடானுகோடி பற்றீரியாக்களுக்கும் உரியது என்பதையும், அவற்றின் க்ஷேமம் தம் இருதயத்தின் க்ஷேமத்தோடு பிணைந்தது என்பதையும் அவருக்கு எடுத்துரைப்பார் அரியராகவே இருக்கின்றனர்.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவ நிலையத்தில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2011 இலும் 2013 இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இத்தொடர்பின் ஒரு மார்க்கத்தைத் துலக்கின. முட்டையின் மஞ்சட்கருவிலும் ஈரலிலும் மிகுந்த கோலினையும், ஆட்டிறைச்சி மாட்டிறைச்சிகளிலுள்ள கார்னிட்டினையும் சில பற்றீரியாக்கள் சிதைத்து டிரைமெதிலமீன் ஆக்க, அது கல்லீரலை அடைந்து பிராணவாயுவோடு கூடி டிஎம்ஏஓ என்னும் பொருளாகிறது. 4007 நோயாளரை மூன்றாண்டுகள் அவதானித்தபோது, இப்பொருள் இரத்தத்தில் மிகுந்திருந்த கால்பங்கினருக்கு, மிகக் குறைந்திருந்த கால்பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்காயிருந்தது. நெடுங்காலம் புலால் நீக்கியவருக்கு இறைச்சி கொடுத்துப் பார்த்தபோதோ டிஎம்ஏஓ சொற்பமாகவே தோன்றிற்று; உணவு ஒன்றே ஆயினும், அதை ஏற்கும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறாயிருந்ததே காரணம். எனினும் கடல்மீனில் இப்பொருள் இயல்பாகவே உண்டு. மீன் உண்பது இருதயத்துக்குத் தீங்கென்று எவரும் நிரூபித்ததில்லை. ஆதலால் பழி முழுவதையும் டிஎம்ஏஓவின்மேற் சுமத்த நான் உடன்படேன்.

இறைச்சி அபூர்வமாகவே வேகும், தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து அடுப்புகளுக்கு நெருங்கிய விஷயம் நார்ச்சத்து. நம் ஜீரண நீர்களுக்கு வசப்படாத நாரைப் பெருங்குடற் பற்றீரியாக்கள் புளிக்கச்செய்து பியூட்டிரிக் அமிலம் முதலியவற்றை ஆக்குகின்றன. குடற்சுவரின் அணுக்கள் அதனால் போஷிக்கப்படுகின்றன. நார் கிட்டாதபோது பற்றீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே அரித்துண்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். அவ்வாறு அரண் தளர்ந்தால், பற்றீரியாக்களின் நச்சுத்துணுக்குகள் இரத்தத்திற் கலந்து, நாடிகளைக் கெடுக்கும் அழற்சியை மூட்ட இடமுண்டு. நார் பித்த அமிலங்களையும் வெளியேற்றுவதால், அவற்றை மீண்டும் ஆக்கக் கல்லீரல் கொலஸ்டிரோலைச் செலவிட நேர்ந்து, இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் விதிக்கையில், தவிடு நீங்கிய வெள்ளை மாவிலோ அது அற்பமே.

நார் நிறைந்த பலாக்காயும் பலாக்கொட்டையும், வல்லாரையும் பொன்னாங்காணியும், கௌப்பியும் குரக்கனும் இறக்குவானை அமைந்த சப்பிரகமுவ மாகாணத்தில் விளையாத பொருள்களல்ல. ஆயினும் பொழுது விடியுமுன் பிள்ளைகளையும் ஆயத்தம் செய்து மலைக்கு ஓடவேண்டிய தாய்க்கு, விரைவிற் சுடக்கூடியதும், பையில் வைத்தால் மதியம்வரை கெடாததும் ரொட்டியே அன்றோ? குற்றம் அவருடையதன்று, கூலியினதும் நேரத்தினதும் ஆகும். லயத்தின் பின்புறத்தில் கீரை பயிரிடத் துண்டு நிலமேனும் உரிமையாகக் கிடைக்குமாயின், பிரசங்கங்களால் ஆகாத காரியம் அதனால் ஆகுமென்று நான் மனமார நம்புகிறேன்.

எனினும் கஹவத்தை, பெல்மதுளை வழியாக இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலைக்குச் சென்று இருதயநோய்க்கு மருந்து பெற்று வருவோர், கீரையை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. பயறு கடலைகளுக்குப் பழகாதவர், அவற்றை ஊறவைத்து, சிறிது சிறிதாகக் கூட்டி வந்தால் வயிற்றுப் பொருமல் பெரும்பாலும் தவிரும்.