பேரல் டீசலுக்குப் பர்மிட் வேண்டுமா?

‘அறுவடை மெஷின் வயலில் நிற்கிறது. டீசல் தீர்ந்துவிட்டதால் 200 லிட்டர் பேரலை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி வந்தேன். வழியில் நிறுத்தி, பர்மிட் எங்கே என்று கேட்டார்கள். நான் எதைக் காட்டியிருக்க வேண்டும்?’ கேள்வி-பதில் பகுதிக்கு டெல்டா வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறோம்.

முதலில் அவருக்கான பதில். டீசல் கொண்டுவந்த ரசீதைக் காட்டினால் போதும். 1934-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தில் டீசலும் மண்ணெண்ணெயும் ‘பி’ வகுப்பில் வருகின்றன. ஓரிடத்தில் இருக்கும் மொத்த அளவு 2,500 லிட்டரைத் தாண்டாமலும், எந்த ஒரு கலனும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டாமலும் இருந்தால், வைத்திருக்கவோ கொண்டுபோகவோ உரிமம் தேவையில்லை. உங்கள் பேரல் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனால், சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கிவந்து பக்கத்துத் தோட்டத்துக்கு லாபம் வைத்து விற்றால் அது வேறு கணக்கு. அங்கே இந்தச் சலுகையைக் காட்டித் தப்பிக்க முடியாது.

பெட்ரோல் அப்படியல்ல. சட்டென்று தீப்பிடிக்கும் ‘ஏ’ வகுப்பு. விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இறுக மூடிய உலோகக் கேனாக இருந்தால் ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல் கூடாது. கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டர்தான். பவர் ஸ்பிரேயருக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வருகிறோமே, அந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்தச் சலுகையில் இடமே இல்லை. கேஸ் சிலிண்டரை பைக்கில் கட்டி எடுத்துப் போவதும் விதிப்படி தவறு. ரயிலில் இவற்றை ஏற்றினால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான்.

வாசகர் கேட்காத ஒன்றுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. பூச்சிமருந்து.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவுப் பலகாரம் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரித்ததில், மாவு மூட்டைகள் வந்த கப்பலில் கூடவே பாரத்தியான் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது தெரிந்தது. பழைய ஆட்கள் ‘பாலிடால்’ என்று சொல்வார்களே, அதுதான். மருந்து கசிந்து மாவில் இறங்கியிருக்கிறது. அந்தச் சாவுகளுக்குப் பிறகே 1968-ல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் வந்தன. உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் ஒட்டி உரசும்படி மருந்தை ஏற்றவோ வைக்கவோ கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன.

இப்போது சந்தை நாளில் ஒரு குட்டியானை வண்டிக்குள் எட்டிப் பாருங்கள். தவிட்டு மூட்டை, புண்ணாக்கு, மளிகைப் பை, அதன் மேலேயே மருந்து அட்டைப்பெட்டி. பைக்கில் என்றால் பிள்ளைக்கு வாங்கிய பன்னும் மருந்து பாட்டிலும் ஒரே கட்டைப்பையில். இதைச் செய்யாத வீடு நம் ஊரில் குறைவு. மருந்துக்குத் தனிப் பை, அல்லது மூடியுள்ள ஒரு பழைய வாளி போதும். இதற்குப் பர்மிட்டும் வேண்டாம், செலவும் இல்லை. லேபிளில் உள்ள முக்கோணத்தையும் பார்த்து வாங்குங்கள். சிவப்பு கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துபவர்கள், சேர்ந்து வாங்கி லோடு வண்டியில் ஏற்றுபவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, ஆபத்தான சரக்கை ஏற்றும் வண்டியின் ஓட்டுநர் அதற்கான பயிற்சி முடித்து, லைசென்ஸில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 3 ஆண்டுகள் செல்லும். வண்டியில் அபாயக் குறியும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் அவசரத் தகவல் அட்டையும் இருக்க வேண்டும். என்ன சரக்கு, என்ன ஆபத்து என்பதை வண்டிக்காரரிடம் சொல்வது அனுப்புகிறவரின் பொறுப்பு. ‘ஏதோ மருந்துப் பெட்டி, ஏத்திக்கப்பா’ என்று அனுப்பினால் தவறு உங்கள் பக்கம்.

கிணற்றுக்குப் பாறை உடைக்க வெடி வைப்பவர்களுக்கு டீசலுக்குள்ள தாராளம் கிடையாது. வெடிமருந்து வரும் வேனுக்கும் உரிமம் வேண்டும், வெடிப்பவருக்கும் சான்று வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வழியில் மருந்து கசிந்துவிட்டால் தண்ணீர் ஊற்றி வாய்க்காலில் கழுவி விடாதீர்கள். மண்ணையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச விட்டு, வெறும் கை படாமல் அள்ளுங்கள். நனைந்த தீவனத்தை மாட்டுக்குக் காயவைத்துப் போடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். யாருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, மருந்து பாட்டிலை லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன மாற்று மருந்து கொடுப்பது என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.