லூசில் என்னும் கித்தார்

இசைவாணர் தம் கருவியைப் பெற்ற பிள்ளைபோல் பேணுவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த அன்புக்கும் எல்லை உண்டு என்பதை அமெரிக்க ‘புளூஸ்’ இசைமேதை பி. பி. கிங் (1925–2015) வாழ்விலிருந்து அறிகிறோம்.

1949ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அர்க்கன்சாஸ் மாநிலத்து ட்விஸ்ட் என்னும் சிற்றூரின் நடன அரங்கொன்றில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிர்காய்வதற்காக மண்ணெண்ணெய் எரித்து வைத்திருந்த பீப்பாயை, சண்டையிட்ட இருவர் உருட்டிவிட, அரங்கு தீப்பற்றியது. வெளியே ஓடித் தப்பியவர், கித்தாரை உள்ளே விட்டுவந்ததை உணர்ந்ததும் மீண்டும் நெருப்பினுள் பாய்ந்தார். கருவியை மீட்டார், உயிரோ மயிரிழையில் தப்பியது.

சண்டைக்குக் காரணமானவள் லூசில் என்ற பெண் எனப் பின்னர் அறிந்தார். அப்பெயரையே கித்தாருக்குச் சூட்டினார். செல்லப் பெயராக அன்று. அத்தகைய மதியீனத்தை இனி ஒருபோதும் செய்யலாகாது எனத் தமக்குத் தாமே விடுத்த எச்சரிக்கையாகவே சூட்டினார். பின்னர் அவர் கைக்கு வந்த கித்தார்கள் பலவும் லூசில் ஆயின. 1980இல் கிப்சன் நிறுவனம் அப்பெயரிலேயே ஒரு வகையைச் செய்து வெளியிட்டது.

1997இல் வத்திக்கானில் நடந்த கிறிஸ்து பிறப்பு இசைவிழாவையொட்டி, அவற்றுள் ஒன்றைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பருக்குக் காணிக்கையாக்கினார்.

பொருளைப் பேணுதல் நற்பண்பே. அதற்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது என்பதும், உரிய வேளையில் அதை மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பதும் லூசில் நமக்குக் கற்பிக்கும் பாடங்கள்.