பீரோவுக்குள்ளே ஒரு மாமல்லபுரம்!

உங்க டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூமில், ஓடாத புரொஜக்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டி ஏதாவது இருக்கா பாருங்க. உள்ளே இரண்டு அங்குலச் சதுர ஃபிரேமில் குட்டி கலர் ஃபிலிம்கள் வரிசையா நிற்கும். ஸ்லைடு! பவர்பாயின்ட் வருவதற்கு முன்னால் ஹிஸ்டரி, ஜுவாலஜி வாத்தியார்கள் கிளாஸ் எடுத்தது இதை வைச்சுத்தான். செங்கல்பட்டு பக்கத்துக் கல்லூரி என்றால் வேடந்தாங்கல் நாரையும் மாமல்லபுரமும் அதில் இருக்க நிறையவே சான்ஸ் உண்டு.

'கடற்கரைக் கோயில் படம்தான் நெட்டில் கொட்டிக் கிடக்கே பாஸ்' என்கிறீர்களா? அது இன்றைய கோயில். வடக்குப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் வராகமும் குட்டிச் சன்னதியும் 1990-ல்தான் மணலிலிருந்து வெளியே வந்தன. 1970-களில் எடுத்த ஸ்லைடில் அங்கே வெறும் மணல்தான். சாளுவன்குப்பம் செங்கல் முருகன் கோயிலும் அப்படியே. 2004 சுனாமி ஒரு பாறைக் கல்வெட்டைக் காட்டிக்கொடுக்க, 2005-ல் தோண்டினார்கள். அதற்கு முன்னால் மணல் எவ்வளவு உயரம், அலை எதுவரைக்கும்? பழைய படங்கள்தான் சொல்லணும்.

மூவாயிரம் ஸ்லைடை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தால் செமஸ்டரே முடிஞ்சிடும். அதற்குத்தான் ஆட்டோ ஃபீடர். நிக்கான் கூல்ஸ்கேன் 5000-க்கான எஸ்.எஃப்-210 ஒரே தடவையில் 50 ஸ்லைடு விழுங்கும். தயாரிப்பு நின்று வருஷமாச்சு, செகண்ட் ஹேண்டில்தான் தேடணும்.

பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஓரம் பிரிந்த அட்டை மவுன்ட் நடுவில் சிக்கிக்கொள்ளும். மெலிசான அட்டை என்றால் ஜோடியாக உள்ளே போகும். அதனால அட்டையை அட்டையோடு, பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு பிரிச்சு அடுக்குங்க. கடலோர ஈரக்காற்றில் பூஞ்சை பூத்திருக்கும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் படமே போச்சு! காற்றுப் பம்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். இன்ஃப்ராரெட்டில் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதி ஸ்கேனரில் உண்டு. ஆனால் 2009-ல் தயாரிப்பு நின்ற கோடாக்ரோம் ஃபிலிமில் அது இருட்டான பகுதியையே தூசி என்று நினைத்துவிடும். கோடாக்ரோமைத் தனிக்கட்டாக வைத்து, அந்த வசதியை ஆஃப் செய்திடுங்க.

இடம் வலம் மாறிப்போச்சா என்று தெரிய ஒரு சுலப வழி. அர்ஜுனன் தபசு பாறையில் பெரிய யானைகள் நமக்கு வலது பக்கம் இருக்கணும். இடது பக்கம் நின்றால் ஸ்லைடைத் திருப்பிப் போட்டுட்டீங்க!

முக்கியமான வேலை மவுன்ட் ஓரத்தில் இருக்கு. அங்கே கிறுக்கிய ஊர், தேதி எதையும் ஃபீடர் ஸ்கேன் செய்யாது. ஸ்லைடுக்கு நம்பர் போட்டு, நோட்டில் எழுதி, ஃபைலுக்கும் அதே நம்பரைக் கொடுங்க. தேதி இல்லாத மணல் படம் எதற்கும் உதவாது. கோடாக் மவுன்ட்டில் அச்சான மாதம், ஃபிலிமைக் கழுவிய மாதம். படம் எடுத்தது அதற்கும் முன்னால். எப்போ எடுத்ததுன்னு அந்த ரிட்டயர்ட் புரொபசரைத்தான் கேட்கணும். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்திடுங்களேன்.